பனாமா தொப்பியும் அதைப் பின்னுற பெண்களும்

சின்னதா ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். பனாமா தொப்பி எந்த நாட்டுத் தொப்பி? "பனாமாதான், பேர்லயே இருக்கே"ன்னு சொன்னீங்கன்னா, தப்பு! அது தென் அமெரிக்காவில் இருக்கிற ஈக்வடார் நாட்டுத் தொப்பி.

அப்போ பேர் எப்படி மாறிச்சு? 19ஆம் நூற்றாண்டில் ஈக்வடார் தொப்பிகள் கப்பலில் பனாமாவுக்குப் போய், அங்கிருந்துதான் விற்பனையாகும். 1849-ல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவங்களில் நிறைய பேர் பனாமா வழியா போனாங்க, வெயிலுக்கு ஒரு தொப்பி வாங்கினாங்க. வாங்கின ஊரோட பேரே தொப்பிக்கு ஒட்டிக்கிச்சு. 1906-ல் கால்வாய் வேலையைப் பார்க்க வந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இந்தத் தொப்பியோட எடுத்துக்கிட்ட போட்டோ, அந்தப் பேரை இன்னும் பரப்பிடுச்சு.

சரி, இதை யார் செய்றாங்க? ஈக்வடார் கடற்கரைப் பக்கம் மொன்டெக்ரிஸ்டி என்ற ஊர் இதற்குப் பேர்போனது. மலைப் பக்கம் அசுவாய், கன்யார் மாகாணங்களில், பின்னுறவங்க பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். அம்மாகிட்ட, பாட்டிகிட்ட பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டவங்க.

நாம வைக்கோல் தொப்பின்னு சொல்றோம், ஆனா இது வைக்கோலே இல்லை. டோகீயா என்ற செடியோட குருத்து. பார்க்கப் பனை மாதிரி இருக்கும், ஆனா பனைக் குடும்பம் கிடையாது. கடற்கரைப் பக்கம் குருத்து விரியறதுக்கு முன்னாடியே வெட்டி, பச்சைத் தோலை நீக்கி, வேகவைத்து, காயப்போட்டு, கட்டுக் கட்டா மலைக்கு அனுப்புவாங்க.

பின்னல் உச்சியின் நடுவில் தொடங்கும். அப்புறம் பக்கவாட்டு, கடைசியா விளிம்பு. இழை காய்ந்தா உடையும். அதனால விரலை அடிக்கடி தண்ணியில் நனைச்சுக்கணும். வெயில் ஏறாத ஈரமான நேரம்தான் இந்த வேலைக்கு ஏத்தது. நடந்துக்கிட்டே, பேசிக்கிட்டே பின்னுற பெண்களும் உண்டு. சாதாரணத் தொப்பி ஒரே நாளில் முடியும். மிக நுணுக்கமானதுக்கு எட்டு மாசம் வரை ஆகலாம்!

இங்கேதான் கதையோட சிக்கல். பின்னி முடிச்சவங்க, விளிம்பில் இழை தொங்குற முழுமையாகாத தொப்பியை இடைத்தரகர்கிட்ட விற்பாங்க. குயென்கா நகரப் பட்டறைகளில் அதை வெளுத்து, அச்சில் அழுத்தி, ரிப்பன் கட்டி ஏற்றுமதி பண்ணுவாங்க. விலை ஏறுறது அந்தக் கட்டத்தில்தான். பின்னின பெண்ணுக்குக் கிடைப்பது அதில் ஒரு சின்னப் பங்கு.

1950-களில் வெளிநாட்டு விற்பனை சரிஞ்சப்போ, அசுவாய், கன்யார் கிராமங்களிலிருந்து பலர் நியூயார்க் பக்கம் பிழைப்புத் தேடிப் போனாங்க. தொப்பி போன அதே வியாபாரப் பாதையில் மனுஷங்களும் போனாங்க.

2012-ல் யுனெஸ்கோ இந்தப் பின்னல் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனா பாராட்டு மட்டும் அடுத்த தலைமுறையை உட்கார வைக்காது. நாள் கணக்கில் குனிஞ்சு பின்னினாலும் கட்டுப்படியாகாதுன்னா, மகள் ஏன் கத்துக்கணும்? அதனால்தான் சிக்சிக் மாதிரி ஊர்களில் பெண்கள் சங்கமா சேர்ந்து, முழுத் தொப்பியையும் தாங்களே முடிச்சு, நேரடியா விற்கிறாங்க.

கைவினைப் பொருள் வாங்கும்போது நாம வழக்கமா விலையைக் குறைக்கத்தான் பேசுவோம். அடுத்த தடவை கூடவே இதையும் கேட்டுப் பாருங்க: இதில் செய்தவங்களுக்கு எவ்வளவு போகுது?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.