தகவல் துளி: பெசன்ட் நகர்

இன்றைய தகவல் துளியில் சென்னை பெசன்ட் நகர்.

அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் தாங்கிய இந்தக் கடலோரப் பகுதி, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே இருக்கிறது. அலையடிக்கும் தூரத்திலேயே அஷ்டலட்சுமி கோயில். சற்றுத் தள்ளி வேளாங்கண்ணி மாதா ஆலயம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் மாதா திருவிழாவுக்குக் காவி உடுத்திய பக்தர்கள் நடந்தே வருகிறார்கள்.

எலியட்ஸ் கடற்கரை மணலில் நிற்கும் வெள்ளை வளைவு, ஷ்மிட் நினைவுச்சின்னம். 1930 டிசம்பர் 30 அன்று, மூழ்கியவர்களைக் காப்பாற்றக் கடலில் இறங்கி உயிர் நீத்தவர் ஷ்மிட். வடக்கே ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும். நகரின் அடுக்குமாடிகள் எழுவதற்கு முன்பே கடலை நம்பி வாழ்ந்தவர்களின் ஊர்கள் இவை.

ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. மாணவத் தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். சுமார் 45 நாளில் பொரிக்கும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

கோயிலும் ஆலயமும் குப்பமும் ஆமையும் பகிர்ந்துகொள்ளும் கரை இது. அங்கே போகும்போது ஒரு பிளாஸ்டிக் பையைக்கூட மணலில் விட்டுவராதீர்கள், நேயர்களே!