உண்டியல் சாவி – 9: போதும், இனி அனுப்ப வேண்டாம்

நன்கொடையாகக் கொடுக்கும் நூறு ரூபாயில் அலுவலக வாடகைக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு போகிறது என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். விடை இந்த வாரம் என்றும் சொல்லியிருந்தேன். ஆனால் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது 2005 ஜனவரியில் நடந்த ஒரு விஷயம் குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் கணக்குக்குள் நுழைய மனம் வரவில்லை.

2004 டிசம்பர் 26 என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. நாகப்பட்டினமும் கடலூரும், இலங்கையின் கிழக்குக் கரையும், இந்தோனேசியாவின் ஆச்சேயும் இறந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில், உலகமெங்கும் ஜனங்கள் பணம் கொடுத்தபடி இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். தொண்டு நிறுவனங்கள் அதுவரை பார்த்திராத வெள்ளம் அது.

அந்தச் சமயத்தில்தான் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1971இல் பாரிஸில் தொடங்கி, 1999இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அமைப்பு. சுனாமி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சுனாமிக்காக நாங்கள் செய்யப்போகும் வேலைக்கு வேண்டிய பணம் வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம், கொடுக்க நினைப்பவர்கள் எங்கள் பொது அவசர நிதிக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

காசு கொட்டிக்கொண்டிருக்கும்போது கையை மூடிக்கொண்ட ஒரு நிறுவனம்! இந்த வாரம் முழுவதும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் பக்கத்து நியாயம் எளிமையானது. அவர்கள் மருத்துவர்கள். சுனாமி கொன்றவர்கள் ஏராளம். காயத்தோடு பிழைத்துச் சிகிச்சைக்கு வந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. பயந்தபடி பெரிய கொள்ளைநோயும் பரவவில்லை. மீதமிருந்தது வீடு கட்டும் வேலை, படகு வாங்கும் வேலை. அது அவர்களுக்குத் தெரிந்த தொழில் இல்லை.

மற்ற தொண்டு நிறுவனங்களுக்கு, முக்கியமாகப் பிரான்சில் இருந்தவர்களுக்கு, கடுங்கோபம். இவர்கள் போதும் என்று சொன்னால் ஜனங்கள் எல்லோருக்கும் போதும் என்று எடுத்துக்கொள்வார்களே என்ற பயம். அந்தப் பயத்தில் அர்த்தம் இருந்தது. வீடு கட்ட நிஜமாகவே பணம் தேவைப்பட்டது. ஆனால் தன்னால் செலவழிக்க முடியாத பணத்தை, மற்றவர்களுக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதற்காக ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டுமா? கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

இதைவிட என்னை அசைத்தது அடுத்து நடந்தது. அறிவிப்புக்குப் பிறகும் கணக்கில் சேர்ந்திருந்தது 10 கோடி யூரோவுக்கும் மேல். சுனாமிக்கு அதில் ஒரு பகுதிதான் தேவை. மீதியை என்ன செய்வது? வேறு வேலைக்கு அவர்களே திருப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்கள் கொடுத்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள்: உங்கள் பணத்தை வேறு அவசரங்களுக்குச் செலவிட அனுமதிப்பீர்களா, இல்லை திருப்பித் தரட்டுமா?

பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை. அப்படி விடுவிக்கப்பட்ட பணம் டார்ஃபுரின் அகதி முகாம்களுக்கும், நைஜரில் பட்டினி கிடந்த குழந்தைகளுக்கும், அந்த அக்டோபரில் பூகம்பம் குலைத்துப்போட்ட காஷ்மீரத்து மலைக் கிராமங்களுக்கும் போயிற்று.

கேட்டால் கொடுப்பவர் கோபித்துக்கொள்வார் என்ற பயத்தில்தான் நிறுவனங்கள் கேட்காமலேயே திருப்பிவிடுகின்றன. அந்தப் பயம் எவ்வளவு வீண்!

பணம் எவ்வளவு கோணலாகப் பாய்ந்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சுனாமி நிவாரணத்தைப் பின்னர் ஆராய்ந்த பன்னாட்டு மதிப்பீட்டுக் குழு சொன்னது இது: பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சராசரியாகத் திரண்ட பணம் சுமார் 7,100 டாலர். அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு, தலைக்கு 3 டாலர். தொலைக்காட்சி எதைக் காட்டுகிறதோ அங்கேதான் உண்டியல் நிறைகிறது.

பணத்துக்கு நேர்ந்ததுதான் துணிக்கும் நேர்ந்தது. நம் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிழிந்ததும் நைந்ததுமாக வந்த அவற்றை மீனவக் குடும்பங்கள் தொடவில்லை. சாலையோரம் குவிந்து மழையில் நனைந்து கிடந்தன. டெல்லியின் 'கூஞ்ச்' அமைப்பு அந்தக் குவியல்களை எடுத்துப் பிரித்து, உபயோகப்படும் பொருளாக மாற்றும் வேலையில் இறங்கியது. அது தனி அத்தியாயமாக எழுத வேண்டிய கதை.

கேட்காமல் திருப்ப நினைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று? 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 'லிபர்ட்டி நிதி' என்று ஒன்றைத் திறந்தது. 50 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அதில் 20 கோடிக்கு மேல் வருங்காலத் தாக்குதல்களுக்கும் ரத்தக் கையிருப்புக்கும் ஒதுக்கப் போவதாகத் தெரியவந்ததும் நாடே கொதித்தது. ரத்தம் சேமிப்பது தேவையான காரியம்தான். ஆனால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு என்று நினைத்து நீட்டிய கைகளுக்கு அது சொல்லப்படவில்லை. நிர்வாகக் குழுவோடு ஏற்கெனவே மோதலில் இருந்த தலைவர் பெர்னடின் ஹீலி அக்டோபரில் ராஜினாமாவை அறிவித்தார். நவம்பர் 6 அன்று நாடாளுமன்றக் குழு அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. நவம்பர் 14 அன்று சங்கம் இறங்கிவந்து, முழுப் பணமும் பாதிக்கப்பட்டவர்களுக்கே என்று அறிவித்தது. எந்தக் காரியத்துக்கு என்று கொடுப்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும் நடைமுறையை அடுத்த ஆண்டு கொண்டுவந்தார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு சின்னப் பிடி இருக்கிறது. 2021-22 நிதியாண்டிலிருந்து 80ஜி வரிச்சலுகைக்காக நிறுவனம் தரும் 10பிஇ சான்றிதழில், நன்கொடை எந்த வகை என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். மூலநிதியா, குறிப்பிட்ட காரியத்துக்கானதா, மற்றவையா என்று அதில் பதிவாகும். வெள்ள நிவாரணத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தவர்கள் தங்கள் சான்றிதழை எடுத்து அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'மற்றவை' என்றிருந்தால் நிறுவனத்துக்குப் போன் போட்டுக் காரணம் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். வாடகைக் கணக்கை எடுக்கும் அடுத்த வாரத்துக்கு அந்தப் பதில்கள் எனக்கு வேண்டும்.