சில்லுக்குள் ஓர் இரயில் பாதை

சென்ற மாதம் என் பேத்தி ஒரு சிறிய எலெக்ட்ரானிக் போர்டை என் முன் வைத்தாள். "தாத்தா, இந்தச் சில்லு நம்ம திருவனந்தபுரத்திலேயே வடிவமைச்சது. ஆனா விளக்கு எரியலை. சில்லே கெட்டுப் போச்சு போல" என்றாள்.

அந்த போர்டின் பெயர் ஏரீஸ். அதிலுள்ள தேஜஸ்-32 சில்லு, வெள்ளயம்பலத்தில் இயங்கும் சி-டாக் நிறுவனத்தின் வேகா வரிசையைச் சேர்ந்தது. 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் செயலி, 256 கிலோபைட் நினைவகம், டைமர்கள், வெளிக்கருவிகளோடு பேசும் இணைப்புகள் எல்லாம் ஒரே சில்லுக்குள் அடக்கம்.

இத்தனை உறுப்புகளும் மோதிக் கொள்ளாமல் எப்படிப் பேசுகின்றன? இரயில்வேயில் உழைத்த எனக்கு இது பழகிய சங்கதிதான்.

ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு முகவரி எண் உண்டு. செயலி அந்த எண்ணைப் 'பஸ்' என்னும் பொதுக் கம்பித்தடத்தில் வைக்கிறது. நடுவிலுள்ள சுற்று எண்ணைப் படித்து, உரிய உறுப்பை எழுப்புகிறது. அந்த உறுப்பு தயாரில்லை என்றால், சிக்னலில் நிற்கும் வண்டி போலச் செயலி காத்திருக்கும். ஒரே தடத்தை இருவர் ஒரே நேரத்தில் கேட்டால், 'ஆர்பிட்டர்' என்னும் சுற்று ஒருவருக்கு மட்டும் லைன் கிளியர் தரும்.

1996-இல் ஆர்ம் நிறுவனம் வெளியிட்ட 'ஆம்பா' விதிமுறை, செயலிக்கும் நினைவகத்துக்கும் வேகத்தடம், மெதுவான உறுப்புகளுக்கு எளிய தடம் என இரண்டாகப் பிரித்தது. இடையே ஒரு 'பிரிட்ஜ்'. 1976-இல் இங்கு அகலப்பாதை வரும் முன், எர்ணாகுளத்தில் இறங்கி மீட்டர்கேஜ் வண்டிக்கு மாறிய பெரியவர்களுக்கு இது உடனே புரியும்!

பேத்தியின் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தோம். சில்லு கெடவில்லை. முகவரியில் ஓர் இலக்கம் பிசகியிருந்தது. கட்டளை வேறு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது. அங்கே அதை இறக்கிக் கொள்ள ஆளில்லை. திருத்தியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

நம் பிள்ளைகள் கைப்பேசியை வாங்கிப் பயன்படுத்துவதோடு நின்றுவிடக் கூடாது. நாம் பிழைக்க வந்த இந்த ஊரிலேயே சில்லு வடிவமைக்கிறார்கள். 'கெட்டுவிட்டது' என்று ஒதுக்கும் முன், முகவரி சரியா என்று ஒருமுறை பார்க்கக் கற்றுக்கொடுப்போம்.