மெழுகுவர்த்தியும் சாட்சிக் கூண்டும்

மேற்கு வங்கத்தின் ராணாகாட் அருகே உள்ள கங்னாபூர். 2015 மார்ச் 14 அதிகாலையில் அங்குள்ள கான்வென்டுக்குள் கொள்ளையர் கும்பல் ஒன்று புகுந்தது. பணத்தைச் சுருட்டியது, சிற்றாலயத்தைச் சூறையாடியது. 70 வயதைக் கடந்த கன்னியாஸ்திரி ஒருவர் பலாத்காரம் செய்யப்பட்டார். விடிந்ததும் மாணவர்களும் பெற்றோரும் சாலையை மறித்தனர். அடுத்த சில நாட்களில் கொல்கத்தாவிலும் மற்ற நகரங்களிலும் மெழுகுவர்த்தி ஏந்திய பிரார்த்தனைகள் நடந்தன. கிறிஸ்தவர் அல்லாத பலரும் அவற்றில் கலந்துகொண்டனர்.

தன்னைத் தாக்கியவர்களை அந்தக் கன்னியாஸ்திரி மன்னித்துவிட்டார் என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. பத்திரிகைகள் நெகிழ்ந்து போயின. பிரசங்க மேடைகளுக்கும் அது வாகான செய்திதான். ஆனால் மன்னிப்போடு கதை முடிந்துவிடவில்லை. சி.ஐ.டி. குற்றவாளிகளைத் தேடிப் பிடித்தது. 2017 நவம்பரில் கொல்கத்தா நீதிமன்றம் ஒருவருக்கு ஆயுள் தண்டனையும் நால்வருக்கு 10 ஆண்டுச் சிறையும் விதித்தது. மன்னிப்பு அவருடைய சொந்த விஷயம்; தண்டனை சட்டத்தின் வேலை. ஒன்று மற்றதை ரத்து செய்யவில்லை.

இந்தத் தெளிவு எப்போதும் இருப்பதில்லை. பாதிக்கப்பட்ட பெண் மன்னித்தால் புனிதவதி, நியாயம் கேட்டால் சங்கடம் என்ற மனப்போக்கு திருச்சபைகளுக்குள் பழையது. (மற்ற மதங்களில் மட்டும் வேறு என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான்.) ஒரிசாவின் கந்தமாலில் 2008 ஆகஸ்ட் 25 அன்று, கலவரத்தின் நடுவே, வேறொரு கன்னியாஸ்திரி பலாத்காரத்துக்கு ஆளானார். இரண்டு மாதம் கழித்து முகத்தை மூடியபடி தில்லியில் நிருபர்கள் முன் வந்தார். போலீசார் தனக்கு உதவவில்லை என்றார்; மத்தியப் புலனாய்வு விசாரணை வேண்டும் என்றார். பிறகு சிறையில் நடந்த அடையாள அணிவகுப்புக்குப் போனார், கட்டாக் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2014 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது மூவருக்குத் தண்டனை, ஆறு பேருக்கு விடுதலை. நாடெங்கும் கிறிஸ்தவர்கள் கந்தமாலுக்காக ஜெபித்த அந்த ஆண்டுகளில் இந்தப் பெண் செய்துகொண்டிருந்ததும் ஒருவகை ஜெபம்தான்.

இது மிகைப்படுத்தல் அல்ல. சோர்ந்துபோகாமல் ஜெபிப்பது எப்படி என்று சீடர்களுக்குச் சொல்ல இயேசு எடுத்துக்கொண்ட உதாரணத்தைப் பாருங்கள். லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் வருகிறது. கோயிலில் மண்டியிட்டவள் அல்ல, நீதிபதியின் வாசலை விடாமல் மிதித்த விதவை. அவள் கேட்டது ஆறுதல் அல்ல, எதிராளியிடமிருந்து நியாயம். நீதிபதியோ கடவுளுக்கும் பயப்படாதவன். அவள் தொல்லை தாங்காமல்தான் இறங்கி வருகிறான்.

அதே பைபிளில் தாமாரின் கதையும் இருக்கிறது. தாவீது ராஜாவின் மகள் அவள். உடன்பிறவாச் சகோதரன் அம்னோனால் கெடுக்கப்பட்டு, தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, உடையைக் கிழித்துக்கொண்டு கதறியபடி வெளியே வருகிறாள். உடன்பிறந்த அப்சலோம் அவளை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்கிறான். தகப்பனுக்குக் கோபம் வருகிறது, ஆனால் மகனை ஒன்றும் செய்யவில்லை. எத்தனை ஞாயிறுகளில் இந்தப் பகுதி சபையில் வாசிக்கப்படுகிறது? தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் 1990களில் இறையியலாளர்கள் சிலர் இதைப் பெண்களோடு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். தங்களுக்கு நேர்ந்ததைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல அது வழி திறந்தது. அந்த முயற்சி தாமாரின் பெயரிலேயே ஓர் இயக்கமாகி மற்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பரவியது.

உலகத் திருச்சபைகள் மன்றம் முன்னின்று நடத்தும் இன்னொரு வழக்கம் வியாழக்கிழமைகளில் கறுப்பு உடுத்துவது. பெண்களோடு திருச்சபைகள் தோள்சேர வேண்டும் என்று அம்மன்றம் 1988இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில் முளைத்தது இது. காணாமல் போன பிள்ளைகளுக்காக 1977 முதல் வியாழன்தோறும் பியூனஸ் அயர்ஸ் சதுக்கத்தைச் சுற்றி நடந்த அர்ஜென்டினாத் தாய்மார்கள் இதற்கு ஒரு முன்மாதிரி. உடை மாற்றுவதால் அடி நின்றுவிடுமா என்று கிண்டல் செய்வது சுலபம். ஆனால், ஏன் கறுப்பு என்று யாராவது கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பேசக் கூடாத விஷயம் அப்படித்தான் சபைக்குள் நுழைகிறது.

கான்வென்ட் சுவர் ஏறிக் குதிப்பவனைக் கண்டிக்க எல்லோரும் வருவார்கள். வீட்டுக்குள் கை ஓங்குபவன் அதே சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால்தான் சிக்கல். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான இந்தியப் பெண்களில் ஏறக்குறைய 29 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அப்படிக் கேட்கத் துணிந்த ஒருத்தி பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டும்போது, தலையில் கை வைத்து ஜெபித்து "பொறுமையா இரும்மா" என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதா, அல்லது ஜெபித்துவிட்டுக் காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போவதா?