துரு தின்ற மஸ்டாங்

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பளபளக்கும் வண்ணப்பூச்சுதான். ஆனால் வண்ணம் பூசுவது அந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முன் மாதக்கணக்கில் நடப்பது துருவோடு போராட்டம். அதில் வெல்ல வேண்டுமானால் கைத்திறன் மட்டும் போதாது. கொஞ்சம் இயற்பியலும் வேதியியலும் தெரிந்திருக்க வேண்டும்.

1960களில் அமெரிக்காவில் 'மசில் கார்' என்ற ஒருவகைக் கார்கள் புகழ் பெற்றன. நடுத்தர அளவுள்ள காரில் மிகப் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினால் கிடைப்பதே மசில் கார். 1964இல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. இதற்கு முன்னோடி. அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் போர்டு நிறுவனத்தின் மஸ்டாங் விற்பனைக்கு வந்தது. 1968இல் மஸ்டாங்கிலேயே 7 லிட்டர் எஞ்சின் பொருத்தினார்கள். புகை பற்றிய சட்டங்களும் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் இந்தக் கார்களின் காலத்தை முடித்துவைத்தன. எஞ்சியவற்றை அமெரிக்கர்கள் பொக்கிஷம்போலக் காப்பாற்றி வருகிறார்கள். மஸ்டாங் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் உடற்பகுதியை எவ்வாறு சீராக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

உப்பு செய்யும் வேலை

அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரம் டெட்ராய்ட். அந்த நகரத்தின் அடியில், சுமார் 350 மீட்டர் ஆழத்தில், ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. இதென்ன வேடிக்கை என்கிறீர்களா? குளிர்காலத்தில் சாலைகளில் பனி உறைந்துவிடும். உப்புக் கரைசல் 0° செ. வெப்பநிலையில் உறையாது, 23 சதவீத உப்பு கலந்த நீர் –21° செ. வரை உறையாமல் இருக்கும். ஆகவே வழுக்காமலிருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். சாலையைக் காக்கும் அந்த உப்பே, சக்கரம் வாரியிறைக்கும் சேற்றோடு சேர்ந்து காரின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது.

துருப்பிடித்தல் என்பது உண்மையில் ஒரு சிறிய மின்கலம். இரும்பின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாக ஓடி, வேறோர் இடத்தில் ஆக்சிஜனையும் நீரையும் சந்திக்கின்றன. சுற்று முழுமையாக வேண்டுமானால் நீரின் வழியாக அயனிகள் நகர வேண்டும். உப்பு கரைந்த நீரில் அயனிகள் ஏராளம். மின்சாரம் எளிதாகப் பாயும். ஆகவே துருவும் விரைவாக வளரும்.

இரும்பு எந்த இடத்தில் கரையும்? காற்று நன்றாகப் படும் இடத்தில்தானே என்று நினைப்போம். இல்லை! ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் இடத்தில்தான் அதிகமாகக் கரைகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் என்ற அறிஞர் 1920களில் ஓர் எளிய சோதனையால் இதைக் காட்டினார். இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்பு நீர் வைத்தால், துளியின் விளிம்புக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறது. நடுவில் அவ்வளவு கிடைப்பதில்லை. தகடு அரிக்கப்படுவது நடுவில்தான்.

இந்த உண்மையைத் தெரிந்துகொண்டால் காரில் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். ஈரமான சேறு அப்பிக்கிடக்கும் மூலைகள், இரு தகடுகள் ஒட்டும் இடுக்குகள், நீர் தேங்கும் பள்ளங்கள் ஆகியவையே துருவின் வீடுகள். பழைய மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வாங்குவதற்கென ஒரு மறைவான தொட்டி உண்டு. அதில் உதிர்ந்த இலைகள் சேர்ந்து நீர் வடியும் வழியை அடைத்துவிடும். தொட்டி உள்ளுக்குள்ளேயே ஓட்டையாகி, மழை நீர் தரைவிரிப்பில் சொட்டும். அதன் கீழுள்ள தரைத் தகடும் அரிக்கப்படும். வெளியே பார்த்தால் கார் அழகாகவே இருக்கும்!

காந்தம் சொல்லும் உண்மை

அரித்த இடத்தை வெட்டி எடுக்காமல், அதன்மேல் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூசி விற்பவர்களும் உண்டு. பட்டி என்பது பிசினும் மாக்கல் பொடியும் கலந்த கலவை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி காரின்மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். வண்ணப்பூச்சின் தடிமன் சுமார் 0.1 மி.மீ.தான். அதைத் தாண்டிக் காந்தம் எஃகை நன்றாகப் பற்றும். பட்டி 3, 4 மி.மீ. தடிமனாக இருந்தால் பிடி தளர்ந்துவிடும். தூரம் சிறிது கூடினாலும் காந்த விசை வேகமாகக் குறைவதே காரணம்.

பட்டியால் மூடினால் என்ன கெட்டுவிடும்? அழகு மட்டுமா பிரச்சினை? இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. ஜி.டி.ஓ. போன்ற கார்களில் உறுதியான அடிச்சட்டம் தனியாக உண்டு. உடற்பகுதி அதன்மேல் அமர்ந்திருக்கும். மஸ்டாங்கில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. தகடுகளை மடித்து ஒட்டவைத்த உடற்பகுதியே அதன் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் மூடிய பெட்டி போன்ற விட்டங்கள் அதில் முக்கியமானவை. இருக்கைகளும் இருக்கைப் பட்டைகளும் திருகப்பட்டிருப்பது தரைத் தகட்டில்தான்.

ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, நீளவாக்கில் விளிம்பை முழுதும் ஒட்டிவிடுங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுங்காது. இப்போது ஒட்டிய விளிம்பைக் கத்தரியால் முழு நீளமும் வெட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். சற்றும் எதிர்ப்பின்றி வளைந்து கொடுக்கும். காகிதம் அதேதான், மூடிய வடிவம் திறந்துவிட்டது, அவ்வளவே. துரு தின்ற விட்டத்தின் கதியும் இதுதான். அந்தப் பிளவைப் பட்டியால் அடைப்பது எஃகின் வேலையைக் களிமண்ணிடம் ஒப்படைப்பதுபோல! விபத்து நேரும்போது அது உள்ளே இருப்பவர்களைக் காக்காது.

வெட்டும் ஒட்டும்

எனவே நல்ல தொழிலாளி முதலில் எல்லா உறுப்புகளையும் கழற்றி, வண்ணத்தை நீக்கி, பளபளப்பான நல்ல எஃகு தென்படும் வரை துருவைத் துரத்துகிறார். மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை நீக்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான துகள்கள் சுத்தியல்போல அடிப்பதால் தகட்டின் ஒரு பக்கம் மட்டும் விரியப் பார்க்கும்; அகன்ற தகடுகள் வளைந்துவிடும். அதோடு மணல் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதனால் இன்று மணலுக்குப் பதில் வேறு துகள்களையே பரிந்துரைக்கிறார்கள்.

அடுத்து, அரித்த பகுதியை வெட்ட வேண்டும். அதற்கு முன் கதவு நிலைகளுக்கு இடையே இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்துப் பற்றவைப்பார்கள். இல்லாவிட்டால் விட்டத்தை அறுத்ததும் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு மூடவே மூடாது.

புதிய தகட்டைப் பற்றவைப்பதில்தான் பொறுமை தேவை. 1 மீட்டர் நீளமுள்ள எஃகை 100° செ. அளவு சூடாக்கினால் அது சுமார் 1.2 மி.மீ. நீளும். பற்றவைக்கும் இடமோ உருகும் நிலைக்கே, ஏறத்தாழ 1500° செ. வரை, செல்கிறது. சுற்றிலும் குளிர்ந்த தகடு இறுகப் பிடித்திருப்பதால் சூடான பகுதியால் பக்கவாட்டில் நீள முடிவதில்லை, தனக்குள்ளேயே தடித்துப்போகிறது. ஆறும்போது அது சுருங்கி, அக்கம்பக்கத் தகட்டை இழுக்கிறது. சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள தகடு அப்பளம்போல நெளிந்துவிடும். ஆகவே ஒரே கோடாகப் பற்றவைக்காமல், இங்கொரு புள்ளி, ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி என்று வைத்து, ஒவ்வொன்றும் ஆறும் வரை காத்திருக்கிறார்கள். மீறி நெளிந்தால், பின்புறம் ஓர் இரும்புக் கட்டையை அணைகொடுத்து முன்புறம் சுத்தியால் மெல்லத் தட்டி, சுருங்கிய இடத்தை நீட்டுகிறார்கள். இதுவே டிங்கரிங் வேலையின் நுட்பம். இவ்வளவும் முடிந்தபின் மிஞ்சும் மயிரிழைப் பள்ளங்களை நிரப்பவே பட்டி. அங்கே அது குற்றமில்லை.

கடைசியாக, ஈரம் புகாத பிரைமர் பூசி, இடுக்குகளை அடைத்து, விட்டங்களின் உட்புறத்தில் மெழுகு தெளித்து, நீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். அதன் பிறகே வண்ணம்.

நீங்களே செய்து பாருங்கள்

எவன்ஸின் சோதனையை ஆசிரியரின் உதவியோடு பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யலாம். நீர்த்த உப்புக் கரைசலில் சிறிது பீனால்ப்தலீனும் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் கலந்துகொள்ளுங்கள். நன்கு தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஒரு பெரிய துளியை விட்டுக் காத்திருங்கள். முதலில் நிறங்கள் ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தோன்றும். நேரம் ஆக ஆக, துளியின் நடுவில் நீல நிறமும் விளிம்பில் இளஞ்சிவப்பும் தங்கும். நீலம் இரும்பு கரையும் இடம். அங்கிருந்து வரும் எலெக்ட்ரான்களை ஆக்சிஜன் பெற்றுக்கொள்ளும் இடம் சிவப்பு.

ஒரு மஸ்டாங்கின் அடிவயிற்றில் ஒவ்வொரு குளிர்காலமும் நடப்பது, அந்த ஒரு துளியில் உங்கள் கண்ணெதிரே நடக்கும்.