வாய் கோணுதா... வாட்ச்சைப் பாருங்க!

டீ குடிக்கிறப்போ அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமா கோணுது, டம்ளர் நழுவுது, பேச்சு குழறுது. 'பித்தம்... படுத்தா சரியாயிடும்'னு வீட்ல சொல்வாங்க. நம்பாதீங்க! பக்கவாதமா இருக்கலாம்.

மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் அடைச்சா, நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் காலி. கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அதுவும் ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான்.

2019-ல உலகம் முழுக்க இதய, ரத்தக்குழாய் நோய்களால இறந்தவங்க சுமார் 1 கோடியே 79 லட்சம் பேர். அதுல 85 சதவிகிதம் மாரடைப்பும் பக்கவாதமும்தான். பெரிய வில்லன் பி.பி.! அப்பாவோட பி.பி. எவ்வளவுன்னு தெரியுமா பாஸ்? (கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் தெரியும்!)

தெருமுனை கிளினிக்ல டோக்கன் வாங்கி உட்காராம 108-க்கு அடிங்க. வாயில தண்ணிகூட ஊத்தாதீங்க, புரையேறிடும். கோணல் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு செல்லுல குறிச்சுக்குங்க. டாக்டர் முதல்ல கேட்கப்போறது அதைத்தான்.