'பிரீமியம்' நாய் உணவு: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!

'பிரீமியம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் தரமான நாய் உணவா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஆப்கோ அமைப்புதான் செல்லப்பிராணி உணவுக்கு அளவுகோல் வகுக்கிறது. அதன் விதிகளிலேயே இந்தச் சொல்லுக்கு வரையறை கிடையாது.

சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதலில் 'சிக்கன்' இருந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். பச்சைக் கறியில் சுமார் 70% தண்ணீர்தான். அது வற்றினால் அடுத்துள்ள சோளமோ அரிசியோ முந்திவிடலாம்.

புரத அளவையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. டின் உணவில் ஈரப்பதம் 75%, புரதம் 9% என்றால், தண்ணீரைக் கழித்தால் புரதம் 36%. ஈரப்பதம் 10%, புரதம் 27% உள்ள உலர் உணவில் அது 30%தான்!

இந்த எண்ணிலும் ஏமாற்று நடந்திருக்கிறது. நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். நைட்ரஜன் நிறைந்த மெலமைனைக் கலந்தால் புரதம் கூடுதலாகக் காட்டும். 2007-ல் அமெரிக்காவில் இப்படிக் கலப்படமான கோதுமை குளூட்டனால் நாய், பூனைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. திரும்பப் பெறப்பட்டவற்றில் விலை உயர்ந்த பிராண்டுகளும் இருந்தன.

'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற வரி இருக்கிறதா, குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்றும் பாருங்க. அந்த வரி இல்லாததைத் தினசரி சாப்பாடாக்க வேண்டாம்.